குதிகாலில் ஒரு சக்கரம்... ஹன்டிங்டன் பீச் தந்த விளையாட்டு!

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 55 கி.மீ போனால், பசிபிக் பெருங்கடலைப் பார்த்தபடி ஓர் ஊர் வரும். பெயர் ஹன்டிங்டன் பீச். அலைச்சறுக்கு விளையாட்டால் பிழைக்கும் ஊர் என்பதால், அமெரிக்கர்கள் இதை ‘சர்ஃப் சிட்டி’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். ஊரின் பிரதான வீதி நேராக வந்து கடற்கரைச் சாலையில் முட்டுகிறது. சாலையைத் தாண்டினால் 1,850 அடி நீளத்துக்குக் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் மணல். மணலுக்கும் சாலைக்கும் நடுவே, கடலை ஒட்டியே 13 கி.மீ-க்கும் மேல் ஓடுகிறது ஒரு கான்கிரீட் பாதை.

மாலை நேரத்தில் அந்தப் பாதையில் என்னவெல்லாம் வரும் என்று சொல்லி முடியாது. சைக்கிள், குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி, ஸ்கேட்போர்டு, நான்கு சக்கர ரோலர் ஸ்கேட், ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஸ்கேட், கையில் அலைப்பலகையைப் பிடித்தபடி ஒற்றைக்கையால் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள், அவர்களுக்கு நடுவே நாயோடு நிதானமாக நடக்கும் தாத்தாக்கள். இந்தக் கூட்டத்தில் சில சமயம், சாதாரண கேன்வாஸ் ஷூ போட்டு நடந்துவரும் ஒரு பிள்ளை திடீரென்று கால்களை அசைக்காமலேயே வழுக்கிக்கொண்டு போகும். ஏதோ விமான நிலையத்து நகரும் பாதையில் நிற்பதுபோல இருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், இரண்டு குதிகால்களிலும் ஒவ்வொரு சக்கரம்.

‘ஹீலிஸ்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன அந்தச் சக்கரக் காலணிக்கான யோசனை பிறந்தது இந்தக் கடற்கரையில்தான்.

அலையிலிருந்து தரைக்கு!

ஹன்டிங்டன் பீச்சுக்குப் பெயர் கொடுத்தவர் ஹென்றி ஹன்டிங்டன் என்ற ரயில் தொழிலதிபர். கடற்கரை வரை மின்சார ரயில் வந்தது, ஆட்கள் வந்தார்கள். 1904-ல் மரத்தால் ஒரு கடல் பாலம் கட்டினார்கள். புயல் கொண்டுபோனது. 1914-ல் கான்கிரீட் பாலம் வந்தது. அதன் திறப்பு விழாவில், ஹவாயிலிருந்து வந்திருந்த ஜார்ஜ் ஃப்ரீத் அலைப்பலகையில் நின்று காட்டினார். அன்று பிடித்த பித்து இன்றுவரை இந்த ஊருக்குத் தெளியவில்லை. பழைய பாலத்தை 1980-களின் புயல்கள் சிதைத்துவிட, இப்போதிருக்கும் பாலம் 1992-ல் திறக்கப்பட்டது. கோடையில் இங்கு நடக்கும் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியைப் பார்க்க, மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் கூடுகிறது.

அலைச்சறுக்குக்கும் குதிகால் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கடலில் எப்போதும் அலை வராது. அலை இல்லாத நாளில் சும்மா இருக்க முடியாத பிள்ளைகள், ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைப் பலகையில் ஆணியடித்துத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்கேட்போர்டு பிரபலமான விதம் இதுதான். ஆரம்பத்தில் இரும்புச் சக்கரம், பிறகு களிமண் கலவைச் சக்கரம். இரண்டுமே தரையைப் பிடிக்காது. ஒரு சின்னக் கூழாங்கல் குறுக்கே வந்தால் பலகை நிற்கும், பையன் மட்டும் பறப்பான்.

1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர், யூரிதேன் எனும் ரப்பர் போன்ற பொருளில் செய்த சக்கரங்களோடு, இதே தெற்குக் கலிஃபோர்னியாவின் என்சினிடாஸ் ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டது. சத்தமும் குறைந்தது. சறுக்கும் விளையாட்டே மாறிப்போனது. 1976, 77-ல் கலிஃபோர்னியாவை வறட்சி வாட்டியபோது வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. சான்டா மோனிகா, வெனிஸ் பகுதிப் பிள்ளைகள் வேலி தாண்டிக் குதித்து, அந்த வெற்றுக் குளங்களின் வளைந்த சுவர்களில் அலைமேல் ஏறுவதுபோல ஏறி இறங்கினார்கள். இன்று உலகமெங்கும் கட்டப்படும் கிண்ண வடிவ ஸ்கேட் பூங்காக்களுக்கு அந்தக் காலிக் குளங்கள்தான் முன்மாதிரி.

1990-களின் கடைசியில் இதே கடலோரத்தின் டாரன்ஸ் நகரிலிருந்து ‘சோப்’ என்ற ஷூ வந்தது. அதில் சக்கரம் கிடையாது. அடிப்பாதத்தின் நடுவில் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் தகடு. ஓடிவந்து படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிமேல் குதித்தால், சோப்பு போட்டதுபோல வழுக்கிக்கொண்டு கீழே இறங்கலாம். ‘நடக்கிற ஷூவிலேயே விளையாட்டு’ என்ற எண்ணம் அந்தக் காற்றில் கலந்திருந்த நேரம் அது.

சூடாக்கிய கத்தியும் ஓடுகிற ஷூவும்

1998-ல் ஹன்டிங்டன் பீச்சுக்கு ஓய்வெடுக்க வந்தார் ரோஜர் ஆடம்ஸ். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மனநலத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். அடுத்தவர் மனச்சோர்வைக் கேட்டுக் கேட்டு, தானே சோர்ந்துபோயிருந்தார். மணவாழ்க்கையும் முறிந்திருந்தது. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கடற்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் பட்டவை, எதிரே வழுக்கிக்கொண்டு போன சக்கரக் கால்கள்.

அந்தக் காட்சி அவருக்குப் புதிதல்ல. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் அவருடைய பெற்றோர் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கு நடத்தியவர்கள். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே அவர் காலில் சக்கரம் ஏறிவிட்டது என்று அவரைப் பற்றிய செய்திகள் சொல்கின்றன. நடக்கும் முன்பே உருண்டவர். பிறகு படிப்பு, வேலை, குடும்பம் என்று ஓடியதில் அந்தச் சந்தோஷம் எங்கோ நின்றுபோயிருந்தது.

ஸ்கேட் என்றால் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், உட்கார்ந்து மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். மாட்டியபின் படி ஏற முடியாது. நடக்கவும் உருளவும் ஒரே ஷூ இருந்தால்? ஆடம்ஸ் யோசிப்பதோடு நிறுத்தவில்லை. ஓட்டப் பயிற்சிக்கான ஒரு ஷூவை எடுத்தார். வெண்ணெய் தடவும் கத்தியைச் சூடாக்கி, குதிகால் பகுதியைக் குடைந்தார். அந்தக் குழியில் ஓர் இரும்புக் கம்பியை அச்சாக வைத்து ஸ்கேட்போர்டு சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். வழுக்கியது. விழவும் வைத்தது. ஆனால், விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நின்றால் உருளலாம், விரல்களைக் கீழே வைத்தால் நடக்கலாம் என்பது உறுதியானது.

1999-ல் காப்புரிமைக்கான விண்ணப்பம் போனது. 2000-ல் டெக்சாஸ் மாநிலத்தின் கரோல்டன் நகரில் நிறுவனம் தொடங்கியது. அதன்பிறகு நடந்தது அவரே எதிர்பார்க்காதது. 2005-ல் சுமார் 4.4 கோடி டாலராக இருந்த விற்பனை, அடுத்த ஆண்டே 18.8 கோடி டாலரைத் தொட்டது. 2006 டிசம்பரில் நிறுவனம் நியூயார்க்கின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. வழுக்கிப் போன அந்த ஓட்டத்துக்கு ‘ஹீலிங்’ என்று புதிய பெயரும் வந்துவிட்டது.

முதல் பாடம்: நிற்பது

சைக்கிள் கற்ற தலைமுறைக்குக் குரங்குப் பெடல் தெரியும். உயரம் எட்டாத சைக்கிளில், பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டு கற்ற கலை. சக்கரக் காலணியும் அதே ஜாதிதான். பார்க்கும்போது சுலபம், ஏறி நின்றால் தெரியும்.

காரணம் எளிது. ரோலர் ஸ்கேட்டில் ஒரு காலுக்கு நான்கு சக்கரங்கள். நின்றால் மேசையின் கால்போல நிற்கும். சக்கரக் காலணியில் ஒரு காலுக்கு ஒன்றுதான், சில மாதிரிகளில் இரண்டு. உடலின் மொத்த எடையும் இரண்டு சிறு புள்ளிகளில் இறங்குகிறது. கால்களை அருகருகே சேர்த்து வைத்தால், முன்னும் பின்னும் தாங்க எதுவும் இல்லை. மல்லாக்க விழுவதுதான் மிச்சம். அதனால்தான் ஒரு காலை முன்னே, இன்னொரு காலைப் பின்னே வைக்க வேண்டும். அப்போது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நீளம் கிடைக்கிறது. அந்த நீளம்தான் உடலைத் தாங்குகிறது.

கற்றுக்கொள்ளும் வரிசை இதுதான்.

முதலில், சக்கரம் அதிகம் உருளாத இடத்தில் நிற்க வேண்டும். தரைவிரிப்பு போட்ட அறை நல்லது. சுவரையோ, மேசையையோ பிடித்தபடி முன்கால் விரல்களைத் தூக்க வேண்டும். பிறகு பின்கால் விரல்கள். இரண்டு விரல்களும் வானத்தைப் பார்க்க, குதிகாலில் மட்டும் நிற்கும் உணர்வு பழக வேண்டும். வீட்டில் அம்மாவோ அப்பாவோ ஒரு கையைக் கொடுத்தால் இன்னும் சுலபம்.

அடுத்து, வழவழப்பான சமதளத்தில் இரண்டு மூன்று அடி நடந்து, பின்காலால் லேசாக உந்தி, முன்கால் விரல்களைத் தூக்கி, பின்காலையும் அதே நேர்க்கோட்டில் குதிகாலுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் நாள் இரண்டடி உருண்டால் போதும். கண் எதிரே பார்க்க வேண்டும். காலைக் குனிந்து பார்த்த மறுநொடி சமநிலை போய்விடும்.

மூன்றாவது, நிறுத்துவது. இதை ஒழுங்காகக் கற்காமல் வேகத்தைக் கூட்டவே கூடாது. விரல்களை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினால், குதிகாலின் பின்விளிம்பு தரையில் உரசி வேகம் குறையும். அல்லது பின்காலை முதலில் தரையில் பதித்து, ஓட்டத்தை அப்படியே நடையாக மாற்றிவிடலாம். பதற்றத்தில் இரண்டு கால் விரல்களையும் ஒரே சமயத்தில் ‘டப்’பென்று கீழே போட்டால் ஷூ நிற்கும், உடம்பு நிற்காது.

18-ம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி செய்யும் கலைஞரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. தான் செய்த சக்கரக் காலணியைப் போட்டுக்கொண்டு, வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் உருண்டு வந்தாராம். எல்லாம் சரி, நிறுத்தத் தெரியவில்லை. நேராகப் போய் விலையுயர்ந்த பெரிய கண்ணாடியில் மோதினார். கண்ணாடியும் போனது, வயலினும் போனது, மனிதருக்கும் பலத்த காயம். சக்கரம் கட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல வேண்டிய கதை இது.

வித்தைகள் வரும் வரிசை

நேராக உருளவும் நிறுத்தவும் வந்துவிட்டால், பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அடுத்து வித்தைதான்.

முதலில் வருவது திருப்பம். இடுப்பைத் திருப்பினால் போதும், கால் தானாகப் பின்தொடரும். அதற்கடுத்து, முன்பின்னாக இருந்த கால்களை உருளும்போதே அருகருகே கொண்டுவருவது. இதற்கு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைத் தாழ வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, சுழற்சி. உருண்டு வரும்போது ஒரு தோளை இழுத்துத் திருப்பி, குதிகால்களை நெருக்கினால் உடல் பம்பரம்போலச் சுற்றும். கைகளை விரித்தால் மெதுவாகும், மார்போடு சேர்த்தால் வேகம் கூடும். பரதநாட்டிய மேடையிலும் பனிச்சறுக்கு அரங்கிலும் வேலை செய்யும் அதே விதிதான் இங்கும்.

அரைச் சுற்றில் சுழற்சியை நிறுத்தினால் முதுகு முன்னே போகும். அதுதான் பின்னோட்டம். எங்கே போகிறோம் என்பது தெரியாது என்பதால், யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் இதைச் செய்வது ஆபத்து. ஒற்றைக்கால் ஓட்டம் இன்னும் கடினம். ஒரே ஒரு சக்கரத்தில் முழு உடலும் நிற்க வேண்டும். அதையே குந்தி உட்கார்ந்து, மற்றொரு காலை முன்னே நீட்டிச் செய்வதும் உண்டு. ரோலர் ஸ்கேட்டிங் அரங்குகளில் இதற்கு ‘ஷூட் தி டக்’ என்று பெயர். வாத்தைக் குறிபார்த்துச் சுடுகிற பாவனை.

அடிப்பாதத்தில் தகடு வைத்த மாதிரிகளில், தாழ்வான கம்பிமேல் குதித்து வழுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கு அது வேண்டாத வேலை. கம்பியில் தவறினால் அடிபடும் இடம் முட்டியோடு நிற்காது.

ஒரு வித்தை கைகூட நூறு முறை விழ வேண்டியிருக்கும். ஹன்டிங்டன் பீச் பாதையோரம் உட்கார்ந்து கவனித்தால், அலைச்சறுக்குப் பழகுகிறவர்களுக்கும் சக்கரம் பழகுகிறவர்களுக்கும் உள்ள ஒற்றுமை புரியும். கடலுக்குள் ஐம்பது வயதுக்காரர் பலகையிலிருந்து குப்புற விழுகிறார். கரையில் எட்டு வயதுக்காரி உட்கார்ந்தபடி விழுகிறாள். யாரும் சிரிப்பதில்லை. விழுவது அந்த ஊரில் தினசரி நடக்கிற விஷயம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கையை ஊன்றினால் முறியும்!

ஆனால் தண்ணீரில் விழுவதும் கான்கிரீட்டில் விழுவதும் ஒன்றல்ல.

சக்கரக் காலணி உச்சத்தில் இருந்த 2006 கோடையில், அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருக்கும் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். பத்து வாரங்களில், குதிகால் சக்கரத்தாலும் அதேபோன்ற உருளும் சாதனங்களாலும் எலும்பில் அடிபட்டு வந்த குழந்தைகள் 67 பேர். பெரும்பாலும் கை, மணிக்கட்டு, முழங்கை. ஹீலிஸ் போட்டு அடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர், அன்றுதான் முதன்முறையாக அதைப் போட்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தவர்கள். 2007-ல் இந்த ஆய்வு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியானது.

இந்த எண்களில் பெற்றோருக்கான பாடம் தெளிவாக இருக்கிறது. எலும்பு முறிவது பெரும்பாலும் வித்தை காட்டும்போது அல்ல, முதல் சில நாள்களில்தான். எடை குதிகாலுக்குப் பின்னால் போவதால் பிள்ளை பின்பக்கமாக விழும். விழும்போது கை தானாகப் பின்னால் போய் ஊன்றும். மொத்த எடையும் மணிக்கட்டில் இறங்கும். அதனால்தான் எலும்பு மருத்துவர்கள் மணிக்கட்டுக் கவசத்தையும் தலைக்கவசத்தையும் வலியுறுத்துகிறார்கள். கடையில் ஷூ வாங்கும் அதே நாளில் இவற்றையும் வாங்க வேண்டும். ‘கொஞ்சம் பழகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவதற்கு இல்லை. கவசம் அதிகம் தேவைப்படுவதே அந்தக் ‘கொஞ்சம் பழகும்’ நாள்களில்தான்.

சமநிலை தவறுகிறது என்று தெரிந்ததும் எதிர்த்துப் போராடாமல் முழங்காலை மடக்கித் தாழ்ந்துவிட வேண்டும் என்பது சறுக்கு விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்லித்தருவது. உயரம் குறைந்தால் அடியும் குறையும். சரிவான பாதையும் வேண்டாம். இந்தச் சக்கரத்தின் பிரேக், குதிகாலின் சின்ன விளிம்பு மட்டுமே. சரிவில் அது போதாது. நண்பனின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உருளுவது கூடவே கூடாது.

கடற்கரையில் இன்னொரு எதிரி, மணல். காற்று அடித்துப் பாதைமேல் கொண்டுவந்து போடும் மணலில் சக்கரம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். மணல் துகள் சக்கரத்தின் நடுவிலுள்ள பேரிங்கில் நுழைந்தால் கரகரவென்று சத்தம் வரும், ஓட்டம் திணறும். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துவைப்பது நல்லது.

துரத்தப்பட்டவர்கள் எங்கே போவார்கள்?

2006, 2007-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பள்ளிகளும் ஷாப்பிங் மால்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சக்கரக் காலணிக்குத் தடை போட்டன. அதில் நியாயம் இருந்தது. மாலின் பளிங்குத் தரை உருளுவதற்கு அருமையானது. ஆனால், அதே தரையில் கைத்தடி ஊன்றிய பாட்டியும் நடக்கிறார், கர்ப்பிணியும் நடக்கிறார். ஒரு பிள்ளையின் அரை நிமிடச் சந்தோஷத்துக்கு அவர்கள் இடுப்பெலும்பைப் பணயம் வைக்க முடியாது.

மோகம் வந்த வேகத்தில் இறங்கியது. 2008-ல் நிறுவனத்தின் விற்பனை சுமார் 7 கோடி டாலருக்குச் சுருங்கியது. 2013-ல் நிறுவனமே வேறு கைக்கு மாறியது. ஆனாலும் ஷூ மறைந்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறைக் குழந்தைகளும் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். இன்றும் விற்கிறது.

தடை போடுவது பாதி வேலைதான். ‘இங்கே கூடாது’ என்றால், ‘வேறு எங்கே?’ என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியா ஒரு பதில் தேடிப் பார்த்தது. ஸ்கேட்போர்டு ஓட்டும் இளைஞர்களைத் தெருவிலிருந்தும் வாகன நிறுத்தத்திலிருந்தும் விரட்டிக்கொண்டே இருந்த காலம் அது. பூங்கா கட்டித்தரலாம் என்றால், யாராவது விழுந்து வழக்குப் போடுவார்களோ என்று நகராட்சிகளுக்குப் பயம். 1998-ல் நடைமுறைக்கு வந்த ஒரு மாநிலச் சட்டம், ஸ்கேட்போர்டிங்கை ‘ஆபத்து உள்ள பொழுதுபோக்கு’களின் பட்டியலில் சேர்த்தது. கேட்கக் கடுமையாக இருந்தாலும், அதன் பலன் நேர்மாறு. தெரிந்தே ஆபத்தை ஏற்று விளையாடுகிறவர் விழுந்தால் நகராட்சியின் பொறுப்பு குறையும். விளைவு, ஊர் ஊராகப் பொது ஸ்கேட் பூங்காக்கள் முளைத்தன. கூடவே, அங்கே தலைக்கவசமும் முட்டி, முழங்கைக் கவசங்களும் கட்டாயம் என்ற நிபந்தனையும் வந்தது.

ஹன்டிங்டன் பீச்சிலேயே 2014-ல் ‘வேன்ஸ்’ ஷூ நிறுவனம் பெரிய ஸ்கேட் பூங்கா ஒன்றைத் திறந்தது. வடக்கே வெனிஸ் கடற்கரையில், 2009-ல் திறந்த ஸ்கேட் பூங்கா மணலுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஒருபக்கம் கடல், ஒருபக்கம் கிண்ண வடிவப் பள்ளங்கள், சுற்றிலும் கம்பிவேலியில் சாய்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டம். அங்கிருந்து சற்றுத் தள்ளி, ரோலர் ஸ்கேட்டில் பாட்டுக்கு ஆடுபவர்களுக்கென்று தனித் தளம். தலை நரைத்தவர்களும் இருபது வயதுக்காரர்களும் ஒன்றாகச் சுற்றுகிறார்கள்.

கிண்ணப் பள்ளங்கள் குதிகால் சக்கரத்துக்கு ஏற்றவை அல்ல. அதற்குத் தேவை சமதளம் மட்டுமே. ஆனால், பூங்காவின் ஓரம் நின்று பார்ப்பதே பெரிய பாடம். ஆறு வயதுக்காரி பள்ளத்தின் விளிம்பில் தயங்கி நிற்கும்போது, பச்சை குத்திய பெரிய பையன்கள் ஒதுங்கி நின்று அவள் முறைக்காகக் காத்திருப்பதை அங்கே பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு...

ஹன்டிங்டன் பீச்சுக்கு அருகிலுள்ள விமான நிலையம் சான்டா அனாவிலிருக்கும் ஜான் வெய்ன். லாஸ் ஏஞ்சலஸ் சர்வதேச விமான நிலையத்தில் இறங்கினாலும் காரில் வந்துவிடலாம். ஆனால், நெரிசல் நேரத்தில் கடிகாரத்தை நம்ப வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் காலையில் கடல்மேகம் கவிந்து சூரியனே தெரியாது. வெயில் வேண்டுமென்றால் ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. சக்கரத்துக்குக் கூட்டமில்லாத காலை நேரமும், கண்ணுக்குச் சூரியன் கடலில் இறங்கும் மாலை நேரமும் ஏற்றவை. இருட்டியதும் மணலில் இதற்கென்றே அமைத்திருக்கும் வட்டக் குழிகளில் நெருப்பு மூட்டி, குடும்பம் குடும்பமாகச் சுற்றி உட்காருவது இந்த ஊர் வழக்கம்.

பிரதான வீதியில் நடந்தால், தரையில் அலைச்சறுக்கு வீரர்களின் பெயர்கள் பதித்த கற்கள் இருக்கின்றன. அருகிலேயே அலைச்சறுக்கு அருங்காட்சியகம். 2015-ல் 66 பேர் ஒரே நேரத்தில் ஏறி நின்று சாதனை படைத்த 42 அடி நீள அலைப்பலகை அங்கேதான் இருக்கிறது. நாக்கு இட்லி, தோசை கேட்டால், வடக்கே ஆர்ட்டீசியா நகரின் ‘லிட்டில் இந்தியா’வுக்குப் போகலாம். தென்னிந்தியச் சாப்பாடும் மளிகையும் அங்கே கிடைக்கும்.

கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சாலையிலும் சைக்கிள் பாதையிலும் சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். பாதையில் வலப்பக்கமாகப் போக வேண்டும், முந்துகிறவர் இடப்பக்கமாகப் போவார். வித்தை பழக ஓடும் பாதையைத் தேர்ந்தெடுக்காமல், ஒதுக்குப்புறமான, வண்டி வராத சமதளத்தைத் தேடுவது பிள்ளைக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

ஆடம்ஸ் செய்த ஷூவில் உருளுவதைவிடப் பயனுள்ள ஓர் அம்சம் உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் குழியை ஒரு மூடியால் அடைக்கலாம். சில விநாடி வேலை. கடை வாசலிலும், பள்ளி வாசலிலும், கோயில் தளத்திலும் சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மற்றவர்களைப்போல நடந்துவிடலாம். சக்கரத்தை மாட்டக் கற்றுக்கொடுக்கும் அன்றே, எங்கே கழற்ற வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், திரும்ப மாட்டும்போது தடுக்க ஆளிருக்காது.